துரியன்: மருந்தாக ஒருமுறை, பழமாக ஒருமுறை

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலையேறும் வண்டிகள் பர்லியாறு வந்ததும் ஓரங்கட்டும். டீ குடிக்கலாம், குழந்தைகள் குரங்குகளை வேடிக்கை பார்க்கலாம், சாலையோரக் கடைகளில் பழம் வாங்கலாம். சீசன் நேரத்தில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் கூடை கூடையாகக் குவிந்திருக்கும். அவற்றை வாங்க யாரும் யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. விலை கேட்டு, பேரம் பேசி, பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடலாம்.

துரியன் அப்படியில்லை. அதைக் கேட்டதும் அந்தக் கடைக்காரர் முதலில் முகத்தைப் பார்த்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்.

"எத்தனை வருசமாச்சுங்க?"

திருப்பூரிலிருந்து வந்திருந்த அந்தத் தம்பதிக்கு (பெயர்கள் இங்கே வேண்டாமே) கேள்வி சட்டென்று புரியவில்லை. புரிந்ததும் கணவர் "ஆறு" என்றார். மனைவி மங்குஸ்தான் கூடையையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைக்காரர் உள்ளேயிருந்து சாக்கில் சுற்றிய ஒரு பழத்தை எடுத்து வந்தார். பச்சை நிறம், உடம்பெல்லாம் முள். பார்த்தால் சின்னப் பலாப்பழம் மாதிரி. கையில் வாங்கினால்தான் தெரியும், பலா எவ்வளவு சாது என்று.

கல்லாறு, பர்லியாறு பகுதிகளில் இந்த மரங்கள் நேற்று வந்தவை அல்ல. மலாய் மண்ணின் பழமரங்களை நீலகிரி அடிவாரத்தின் ஈரத்திலும் வெப்பத்திலும் வளர்த்துப் பார்க்கலாம் என்று ஆங்கிலேயர் காலத்தில் நட்டார்கள். மங்குஸ்தானும் துரியனும் பிழைத்துக்கொண்டன. குற்றாலம் பக்கத்திலும் துரியன் மரங்கள் உண்டு. சாரல் சீசனும் பழ சீசனும் ஒன்றாக வருவதால் அங்கேயும் இதற்குக் கூட்டம். ஆனால் இரண்டு ஊரிலும் துரியனைத் தேடி வருபவர்களில் பலர் பழம் தின்ன வருபவர்கள் அல்லர். இதைச் சாப்பிட்டால் குழந்தை பிறக்கும் என்ற நம்பிக்கைதான் அவர்களை அழைத்து வருகிறது. விலை எகிறுவதும் அதனால்தான். காய்ப்பு குறைந்த வருடத்தில் ஒரு கிலோவுக்குக் கேட்கும் தொகை, ஒரு வார மளிகைச் செலவை நினைவுபடுத்தும்.

அந்தத் திருப்பூர் வீட்டில் துரியனின் முதல் சுளை இப்படித்தான் உள்ளே போனது. இரவு முழுக்கக் காரின் டிக்கியில் இருந்த பழம், விடிவதற்குள் வீட்டையே நிறைத்துவிட்டது. அழுகிய வெங்காயமா, கேஸ் கசிகிறதா, செத்த எலியா என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். காலையில் தலைக்குக் குளித்து, சாமி கும்பிட்டு, வெறும் வயிற்றில் நான்கு சுளை. மாமியார் பக்கத்திலேயே தண்ணீர்ச் சொம்புடன் நின்றார்.

"மூக்கப் புடிச்சுட்டு முழுங்கிப் போடு அம்மிணி. மருந்துன்னு நெனச்சுக்க."

இரண்டாவது சுளையில் குமட்டியது. மூன்றாவதில் எல்லாம் வெளியே வந்துவிட்டது. பழத்தின் ருசி என்ன என்று கேட்டால் இன்றைக்கும் அவரால் சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய மருந்தை வீணாக்கிவிட்டோமே என்று குளியலறையில் அழுததுதான் நினைவிருக்கிறது. மீதியை அன்று மாலை மறுபடி கொடுத்தார்கள். கணவருக்கு ஒரு சுளைகூட இல்லை. "அவனுக்கெதுக்கு?" என்பதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அடுத்த வருடமும் பர்லியாறு. அதற்கடுத்த வருடமும்.

சுளைக்குள் என்ன இருக்கிறது?

துரியன் சத்துள்ள பழம், அதில் சந்தேகமில்லை. நூறு கிராம் சுளையில் சுமார் 147 கலோரி, 27 கிராம் மாவுச்சத்து, 5 கிராம் கொழுப்பு. பழத்தில் கொழுப்பா என்று ஆச்சரியப்படலாம். அந்த வெண்ணெய் மாதிரியான வழுவழுப்புக்கு அதுவும் ஒரு காரணம். பொட்டாசியம் 436 மில்லிகிராம், வாழைப்பழத்தைவிட அதிகம். வைட்டமின் சி-யும் நார்ச்சத்தும் உண்டு.

ஆனால் குழந்தையின்மைக்கு மருந்து? மனிதர்களிடம் முறையாகச் சோதித்து, ஆம் என்று நிரூபித்த ஆதாரம் கிடையாது. கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்கள் தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட விஷயம். துரியனிலும் ஃபோலேட் இருக்கிறதே என்று சிலர் வாதாடுவார்கள். இருக்கிறது, நூறு கிராமுக்கு 36 மைக்ரோகிராம். அதாவது ஒரு நாள் தேவைக்கு ஒரு கிலோவுக்கும் மேல் சுளை தின்ன வேண்டும், தினந்தோறும். அதே வேலையைச் செய்யும் மாத்திரையின் விலை சில்லறைக் காசு.

உலக சுகாதார நிறுவனம் 2023-ல் வெளியிட்ட கணக்குப்படி, வயது வந்தவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் குழந்தையின்மையைச் சந்திக்கிறார். கிட்டத்தட்டப் பாதித் தம்பதிகளில் ஆணின் பக்கமும் காரணம் இருக்கும், தனியாகவோ மனைவியின் காரணத்தோடு சேர்ந்தோ. ஒரு வருடம் முயன்றும் கரு தங்கவில்லை என்றால் இருவரும் சேர்ந்து மருத்துவரைப் பார்க்க வேண்டும். மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதமே போதும், அதற்கு மேல் காத்திருக்கக் கூடாது. ஆணுக்கான முதல் பரிசோதனை ஊசிகூட இல்லாதது, விந்தணுப் பரிசோதனை. பல வீடுகளில் அது கடைசியாக நடக்கிறது, அல்லது நடப்பதே இல்லை.

திருப்பூர் வீட்டில் அது நடந்தது மூன்றாவது துரியன் சீசனுக்குப் பிறகு. மனைவியின் தோழி ஒருவர் கையைப் பிடித்து இழுக்காத குறையாக இருவரையும் அழைத்துப்போனார். மனைவியின் பரிசோதனைகளில் சொல்லும்படியாக எதுவும் இல்லை. கணவரின் முடிவில் அணுக்களின் எண்ணிக்கை குறைவு. சிகிச்சை உண்டு, நாளாகும் என்றார் மருத்துவர். மூன்று வருடமாக மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கியது யார், விழுங்கவே வேண்டாம் என்று விடப்பட்டது யார் என்பதை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. மாமியார் மட்டும் அன்றிரவு மருமகளுக்குத் தானே தோசை ஊற்றிப் போட்டார்.

பர்லியாற்றுக்கு அப்புறம் அவர்கள் போகவில்லை. ஆனால் துரியன் அவர்களை விடவில்லை.

கிள்ளானில் இன்னொரு முதல்முறை

கணவரின் சித்தி மலேசியாவில், கிள்ளானில் இருக்கிறார். அவர் மகள் கல்யாணத்துக்கு ஜூலையில் போனார்கள். ஜூலை மலேசியாவில் துரியன் காலம். அங்குள்ள தமிழர்கள் 'டுரியான்' என்பார்கள். மலாயில் 'டுரி' என்றால் முள், முள்ளுள்ளது டுரியான். எதிர்பாராமல் யோகம் அடித்தால் மலாய்க்காரர்கள் 'டுரியான் ருந்தோ' என்பார்கள், அதாவது துரியன் உதிர்ந்த மாதிரி. நமக்குக் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டுவது அவர்களுக்கு மரத்திலிருந்து விழுகிறது.

உண்மையிலேயே அங்கே பழத்தைப் பறிப்பதில்லை. பழுத்தது தானாக, பெரும்பாலும் இரவில், உதிரும், காலையில் பொறுக்குவார்கள். தலைக்கு மேல் விழுந்தால் ஆளையே முடித்துவிடும் என்பதால் சில தோட்டங்களில் மரத்தடியில் வலை கட்டியிருப்பார்கள். தாய்லாந்தில் வேறு வழக்கம்: காய் முற்றியதும் மரத்திலேயே வெட்டி இறக்கிவிடுவார்கள். அதனால் தாய்லாந்துப் பழத்தில் வாசனை சற்று அடங்கியிருக்கும், சில நாள் தாங்கவும் தாங்கும். உதிர்ந்த பழம் அப்படித் தாங்காது. ஓரிரு நாளில் புளிப்பும் நாற்றமும் ஏறிவிடும். காரின் டிக்கியில் ராத்திரி முழுக்க மூடிக் கிடந்த பழத்தை நினைத்துப் பாருங்கள்.

கல்யாணம் முடிந்த மறுநாள் இரவு சித்தி எல்லோரையும் சாலையோரக் கடை ஒன்றுக்கு அழைத்துப்போனார். தகரக் கூரை, குழல் விளக்கு, பிளாஸ்டிக் நாற்காலி, மேசை மேல் டிஷ்யூவும் தண்ணீர்ப் பாட்டிலும். மலைபோலக் குவிந்த பழங்கள். கடைக்காரச் சீனர் ஒவ்வொன்றாக எடுத்துக் காதோரம் வைத்துக் குலுக்கினார். கொட்டை லேசாக ஆடுகிற சத்தம் வந்தால் சுளை பதமாக இருக்கிறது என்று அர்த்தம். பிறகு அடிப்பக்கத்தை மூக்கருகே கொண்டுபோனார். காம்பைப் பார்த்தார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி.

"பாஹிட்? மானிஸ்?"

கசப்பா, இனிப்பா? அவ்வளவுதான். எத்தனை வருசமாச்சு என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

மருமகள் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். சித்தி அதைக் கவனித்திருக்க வேண்டும். "பிடிக்கலன்னா வெச்சிரு லா, நான் சாப்பிட்டுக்கறேன்" என்று ஒரு சிறிய சுளையை மட்டும் அவர் பக்கம் நகர்த்தினார்.

திறந்தவெளி, காற்று, பக்கத்தில் சிரித்துப் பேசும் கூட்டம். வாயில் வைத்ததும் முதலில் தெரிந்தது இனிப்பு. பிறகு பாலேடு மாதிரி ஒன்று நாக்கில் படிந்தது. முடிவில், எதிர்பார்க்கவே இல்லை, ஒரு மெல்லிய கசப்பு. காபியின் அடிவண்டல் போல. நாற்றம்? இருந்தது. ஆனால் வாய்க்குள் போனதும் அது நாற்றமாக இல்லை. கொட்டையைச் சுத்தமாகச் சப்பி வைத்துவிட்டு, அடுத்த சுளையை அவரே எடுத்துக்கொண்டார்.

இதே அனுபவம் 19-ஆம் நூற்றாண்டில் ஒரு பெரிய மனிதருக்கும் நடந்திருக்கிறது. டார்வினோடு ஒரே காலத்தில் பரிணாமக் கொள்கையைக் கண்டறிந்த ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ், மலாக்காவில் முதலில் துரியனை முயன்றபோது வீட்டுக்குள் பரவிய வாடையால் அதை ஏற்க முடியவில்லை. பின்னர் போர்னியோவில், மரத்தடியில் பழுத்து உதிர்ந்து கிடந்த ஒன்றைத் திறந்தவெளியிலேயே தின்றார். அந்த நிமிடமே துரியன் பக்தராகிவிட்டதாக 1869-ல் வெளியான தன் மலாய்த் தீவுகள் பயணநூலில் எழுதியிருக்கிறார். வீட்டுக்குள் ஒன்று, வெளியே ஒன்று என்று பழம் இரண்டு இல்லை. மூடிய அறைதான் பாதி வில்லன்.

2018 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தையே காலி செய்ய வேண்டியிருந்தது. கேஸ் கசிவு என்று நினைத்து நூற்றுக்கணக்கானோரை வெளியேற்றி, மூச்சுக்கருவி மாட்டிய தீயணைப்பு வீரர்கள் தேடியபோது அலமாரிக்குள் அகப்பட்டது ஒரு அழுகிய துரியன். ஏசி வழியாகக் கட்டடம் முழுக்கப் பரவியிருந்தது வாடை. சிங்கப்பூர் ரயில்களில் துரியனுக்குத் தடை. அங்கே பிரபலமான ஒரு அறிவிப்புப் பலகையில் புகைத்தால் இவ்வளவு அபராதம், சாப்பிட்டால் இவ்வளவு என்று தொகை போட்டிருக்கும். துரியனுக்கு மட்டும் தொகை கிடையாது, கொண்டுவராதே என்பதோடு சரி. அபராதம் போட மனசு வரவில்லையோ என்னவோ!

வெண்டைக்காயின் சொந்தக்காரர்

பூண்டு, வெங்காயத்துக்கு வாசனை தருவது போன்ற கந்தகச் சேர்மங்கள்தான் துரியனுக்கும் அந்த வாடையைத் தருகின்றன. சிங்கப்பூர் விஞ்ஞானிகள் குழு ஒன்று 'மூசாங் கிங்' என்ற புகழ்பெற்ற ரகத்தின் முழு மரபணு வரைபடத்தை 2017-ல் வெளியிட்டது. கந்தகச் சேர்மங்களை உருவாக்க உதவும் ஒரு மரபணு, துரியனில் ஒன்றுக்குப் பல பிரதிகளாகப் பெருகியிருப்பதை அதில் கண்டார்கள். காட்டில் யானையையும் குரங்கையும் தூரத்திலிருந்தே கூப்பிட்டு, கொட்டையைப் பரப்பவைக்க மரம் போடுகிற சத்தம் அது, மூக்குக்குக் கேட்கும் சத்தம்.

முள்ளைப் பார்த்து துரியனைப் பலாவின் அண்ணன் தம்பி என்று நினைப்பவர்கள் அநேகம். கிடையாது. பலாவுக்குச் சொந்தம் ஆலும் அத்தியும். துரியன் பருத்தி, செம்பருத்தி, வெண்டைக்காய் குடும்பம். துரியனைக் குறுக்கே வெட்டினால் ஐந்து அறைகள் தெரியும். வெண்டைக்காயை நறுக்கிப் பாருங்கள், அதே ஐந்து.

இன்னொரு உறவும் இருக்கிறது, அது தமிழர்களுக்கு நெருக்கமான இடத்தில். துரியன் பூ மாலையில் மலர்ந்து ஒரே இரவில் உதிர்ந்துவிடும். அந்தச் சில மணி நேரத்துக்குள் மகரந்தம் சேர வேண்டும். அந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது தேன் குடிக்கும் ஒரு வகைக் குகை வௌவால். தைப்பூசத்துக்கு லட்சக்கணக்கானோர் படியேறும் பத்துமலையில், கோயில் குகைக்குப் பக்கத்திலுள்ள இருட்டுக் குகையில் அந்த வௌவால்கள் வாழ்கின்றன. இரவில் தேன் தேடிப் பல கிலோமீட்டர் பறந்துபோய், விடிவதற்குள் திரும்புகின்றன. மலேசியாவில் சுண்ணாம்புக் குன்றுகளை உடைத்தால் குகை போகும், குகை போனால் வௌவால் போகும், வௌவால் போனால் துரியன் காய்ப்பு குறையும் என்று ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக எச்சரித்துவருகிறார்கள்.

முதல் சுளை சாப்பிடப் போகிறீர்களா?

உதிர்ந்த அன்றே கிடைக்கிற பழம் உத்தமம். பர்லியாற்றிலோ குற்றாலத்திலோ வாங்கினால் வீடுவரை கொண்டுவராதீர்கள். கடைக்காரரையே பிளக்கச் சொல்லி, அங்கேயே காற்றாட நின்று சாப்பிடுங்கள். மேல்தோலில் கூர்ந்து பார்த்தால் தையல் போல மங்கலான கோடுகள் தெரியும். கத்தியை அந்தக் கோட்டில் செருகித் திருகினால் பழம் தானாகப் பிளக்கும். முள் கையைக் கிழிக்கும், சாக்கோ கனத்த கையுறையோ இல்லாமல் தொட வேண்டாம். எடையில் பெரும்பகுதி தோலுக்கும் கொட்டைக்கும் போய்விடும். இரண்டு கிலோ பழம் வாங்கினால் அரை கிலோவுக்குச் சற்று மேல் சுளை கிடைத்தாலே திருப்திப்பட்டுக்கொள்ளலாம். கொட்டையைத் தூக்கிப்போட வேண்டியதில்லை, பலாக்கொட்டை மாதிரி நன்றாக வேகவைத்துத் தின்னலாம். பச்சையாக மட்டும் கூடாது.

மலேசியர்களும் நம்மைப் போலவே சூடு, குளிர்ச்சி பார்ப்பவர்கள். துரியன் சூடு, அதற்கு மாற்று மங்குஸ்தான் என்பது அவர்கள் கணக்கு. தின்று முடித்ததும் துரியன் தோலின் குழியில் தண்ணீர் ஊற்றி, உப்புப் போட்டுக் குடிப்பார்கள். அதே குழித் தண்ணீரில் கை கழுவினால் வாடை போகும் என்பார்கள். பாட்டி வைத்தியம் எல்லா நாட்டிலும் உண்டு.

சர்க்கரை நோயாளிகள் ஒரு சிறிய சுளையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பொட்டாசியம் ஆபத்து, மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். மதுவோடு சேர்ப்பது வேண்டவே வேண்டாம். ஆல்கஹாலை உடைக்கும் என்சைம் ஒன்றின் வேலையைத் துரியன் சாறு வெகுவாகத் தடுப்பதை ஜப்பானின் சுக்குபா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-ல் ஆய்வுக்கூடத்தில் கண்டார்கள். கோலாவோடு சேர்த்தால் பாம்பு விஷமாகிவிடும் என்ற வாட்ஸ்அப் தகவலை மட்டும் தாராளமாக அழித்துவிடலாம்.

கிள்ளானிலிருந்து கிளம்பும் நாளில் அந்த மருமகள் மறுபடி அந்தக் கடைக்குப் போகலாமா என்று கேட்டார். விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், தின்றுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார் சித்தி. மூவரும் போனார்கள். பழத்தைக் குலுக்கிப் பார்த்த கடைக்காரர், வழக்கமான கேள்வியை இந்த முறை மருமகளைப் பார்த்துக் கேட்டார். "பாஹிட்" என்றார் அவர்.

கணவர் ஒரு சுளையை எடுத்து, முகர்ந்து, நுனியைக் கடித்து, அப்படியே தட்டில் வைத்துவிட்டார். மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை மட்டும் பாக்கெட்டிலிருந்து எடுத்துத் தண்ணீரோடு விழுங்கினார். அவர் கடித்து வைத்த சுளை வெகுநேரம் தட்டில் இருக்கவில்லை.